கடற்கரைக் கல்யாணம்: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு மகாபலிபுரமா, புதுவைப் பக்கமா, கடலூரா?

நம் இரண்டு மாவட்டத்திலும் கடல் கிடையாது. கடற்கரையில் தாலி கட்ட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு எந்தத் திசையில் போனாலும் 200 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். அதனால் எந்தக் கரை அழகு என்று படம் பார்த்து முடிவெடுப்பதற்கு முன்னால், யார் யாரைக் கூட்டிப்போகிறோம் என்ற பட்டியலை எழுதிவிடுங்கள். 60 பேரா, 120 பேரா, 400 பேரா? 70 வயதுக்கு மேல் எத்தனை பேர்? கைக்குழந்தை எத்தனை? இந்த எண்கள் தெரிந்தால் பாதி கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

400 பேர் என்றால் கடற்கரையை விட்டுவிடுங்கள். எட்டு பஸ், நூற்றுக்கும் மேல் அறை என்று ஆகும்போது 'எளிமையான கல்யாணம்' என்ற நோக்கமே போய்விடும். 100 முதல் 120 பேரோடு முகூர்த்தத்தைக் கடற்கரையில் வைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பி இரண்டு மூன்று நாள் கழித்துக் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ வரவேற்பு வைப்பதுதான் நம் ஊர் உறவு முறைக்கு ஒத்துவரும். மொய் எழுத வேண்டியவர்கள் வரவேற்பில் எழுதுவார்கள், யாருக்கும் மனக்குறை இருக்காது. இனி எழுதுவதெல்லாம் இந்த 120 பேர்க் கணக்கை வைத்துத்தான்.

ஒகேனக்கலிலோ கே.ஆர்.பி. அணைப் பக்கமோ வைத்தால் போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். தண்ணீர் ஓரம் என்பது மட்டும் போதுமென்றால், பயணமே இல்லாத வழி அது. ஒகேனக்கலில் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலையும் குளியலையும் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள், விடுமுறை நாளில் கூட்டமும் அடங்காது. அணைப் பூங்கா எல்லாரும் வந்துபோகும் இடம். இரண்டுமே கல்யாணத்துக்கு மறுநாள் குடும்பத்தோடு போய்வர நல்ல இடங்கள். கடல்தான் வேண்டும் என்பவர்களுக்கு இவை மாற்று ஆகாது.

வழியும் தூரமும்

மகாபலிபுரத்துக்கு வாணியம்பாடி, வேலூர், காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றத்தில் திரும்ப வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். பெரும்பகுதி அகலமான சாலை, கழிவறைக்கு நிறுத்த நல்ல ஓட்டல்கள் நிறைய. சுங்கச்சாவடிச் செலவு கூடுதல்.

புதுவைப் பக்கம் போக ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம். சுமார் 210 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்கள் அரூர், தானிப்பாடி வழியாகத் திருவண்ணாமலையைப் பிடிக்கலாம். கடலூருக்கும் ஏறக்குறைய இதே தூரம்தான், திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம், பண்ருட்டி வழி. நம் ஊரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணையே கடைசியில் கடலூர் பக்கம்தான் கடலில் கலக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கடலூரை விரும்பும் குடும்பங்களும் உண்டு.

இந்த இரண்டு வழிக்கும் ஒரு பெரிய சிக்கல், பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைச் சுற்றிப் பஸ் நகராது. வளர்பிறை முகூர்த்தம் பார்க்கிறவர்கள் தேதி பௌர்ணமியை ஒட்டி விழுகிறதா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் மகாபலிபுரம் வழிதான் நிம்மதி. கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எந்த ஊரானாலும் முந்தின நாள் காலை 10 மணிக்குள் பஸ் கிளம்பிவிட வேண்டும். ராத்திரிப் பயணம் செய்து விடியற்காலையில் இறங்கி நேராக முகூர்த்தம் என்று திட்டம் போட்டால், வயசானவர்கள் கால் வீங்கி உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகள் அழுவார்கள். ஒரு ராத்திரித் தங்கல் செலவை மிச்சம் பிடிக்க நினைத்து, ஆசைப்பட்ட கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மணல் இருக்கிறதா?

படத்தில் தெரியும் மணல் நேரில் இருக்கும் என்று நம்பி முன்பணம் கட்டாதீர்கள். புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தடுப்பு கட்டிய பிறகு, மணல் வடக்கே நகர முடியாமல் தெற்குப் பக்கம் தேங்கியது. வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கமெல்லாம் கரை அரித்துப்போனது. அங்கே சில இடங்களில் சுவரைத் தாண்டினால் கருங்கல் குவியல்தான். ஆகவே புதுவைப் பக்கம் என்றால், துறைமுகத்துக்குத் தெற்கே பாருங்கள். இல்லையென்றால் வடக்கே நன்றாகத் தள்ளி மரக்காணம் பக்கம் பாருங்கள். மகாபலிபுரத்துச் சாலையிலும் எல்லா விடுதிக்கும் அகலமான கரை கிடையாது. கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் நல்ல அகலம், ஆனால் பொதுமக்கள் வரும் கரை. சாயங்காலம் அங்கே தனிமை கிடைக்காது, விடிகாலையில் கிடைக்கும்.

இடம் பார்க்கப் போகும்போது அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிப் போங்கள், அதுவும் அலை ஏறியிருக்கும் நேரத்தில். நம் கரையில் ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின், ஏற்ற இறக்கம் அந்த நாட்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர். கேட்கச் சின்னதாகத் தோன்றும். சரிவு குறைந்த கரையில் அந்த ஒரு மீட்டர் பல அடி தூரம் மணலை விழுங்கிவிடும். பாசியும் குச்சியும் சிப்பியும் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும் இடம்தான் அலை கடைசியாக ஏறிய எல்லை. அந்தக் கோட்டிலிருந்து உள்ளே குறைந்தது 10 மீட்டர் விட்டு மணவறை போட இடம் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் 120 பேர் உட்கார இடமும் வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

கரை அரசு நிலம். விடுதிக்காரர் 'எங்க பீச்தான்' என்று சொன்னாலும், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ளாட்சியிடமும் காவல் நிலையத்திலும் அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

கிழக்குப் பார்த்து உட்காரும்போது கடல் எங்கே?

இதைப் பலர் கடைசி நாளில்தான் கவனிக்கிறார்கள். நம் கரை முழுக்கக் கிழக்கே பார்த்த கடல். மணமக்களும் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். அப்படியானால் கடல் அவர்கள் கண்ணெதிரே இருக்கும், படத்தில் அவர்களுக்குப் பின்னால் விடுதிச் சுவர்தான் விழும். படத்துக்காக மேற்கே திருப்பி உட்கார வைத்தால் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சொந்தங்களை எதிரில் வரிசையாக உட்கார வைக்காமல் இரண்டு பக்கமும் வளைவாக உட்கார வையுங்கள், கடல் பக்கம் திறந்திருக்கட்டும். படம் எடுப்பவர் மணவறைக்குத் தெற்கே நின்று பக்கவாட்டில் எடுத்தால் முகமும் அலையும் சேர்ந்து வரும். வடக்குப் பார்த்து உட்கார வீட்டில் சம்மதம் இருந்தால் இன்னும் சுலபம், கடல் வலது பக்கம் வந்துவிடும்.

நேரம் என்றால் காலைதான், மறுபேச்சுக்கு இடமில்லை. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று இருக்கும். கிழக்குப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் ஓமம் வளர்த்தால் புகை கடல் பக்கம் போகும். நிலம் சூடேறியதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசும். அதே புகை அப்படியே மணமக்கள் கண்ணில் அடிக்கும், விளக்கு அணையும், பந்தல் துணி படபடக்கும். தை மாதக் கடைசியில் இந்தக் கரையில் சூரியன் உதிப்பது காலை 6.35 வாக்கில். 6.30 முதல் 7.30 வரை முகூர்த்தம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 6 மணிக்கு முன்னால் வேண்டாம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் கூடாது. நாதஸ்வரம் இல்லாமல் தாலி கட்ட யாருக்கு மனசு வரும்?

மாதம் என்று பார்த்தால் தையும் மாசியும் முதல் தரம். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம், புயல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வைகாசி, ஆனியில் நம் மாம்பழம் இருக்கும், ஆனால் காலை 8 மணிக்கே கடற்கரை வெக்கையும் புழுக்கமும் தாங்காது. பட்டுப்புடவையில் பெண் வாடிப்போவாள். தையில் இன்னொரு விஷயமும் நினைவில் இருக்கட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் இந்தக் கரைகளில் ஏறி முட்டையிடும். கடலைப் பார்த்துப் பளிச்சென்று விளக்குப் போட்டால் ஆமையும் குஞ்சும் திசை தவறும். முந்தின இரவு நிகழ்ச்சியை விடுதிக்குள் வைத்துக்கொண்டு, கரைப்பக்க விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். ஆகாய விளக்கு பறக்கவிடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

மணவறை போடும் விதம்

மணலில் கால் நடுவது நம் செம்மண்ணில் நடுவதுபோல் நிற்காது. மூங்கிலை இரண்டரை முதல் மூன்று அடி ஆழம் இறக்கி, ஒவ்வொரு காலுக்கும் 25 கிலோ மணல் மூட்டை நாலு அடுக்க வேண்டும். மூட்டையைத் தென்னங்கீற்றால் மூடிவிட்டால் தெரியாது. மேலே முழுத்துணி கட்டாதீர்கள், காற்று அதைப் பாய்மரம்போல் தூக்கும். தென்னங்குருத்துத் தோரணத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் காற்று ஊடே போய்விடும், பார்க்கவும் அழகு. கீழே பலகை அடித்து, அதன்மேல் ஜமுக்காளம். பலகை இல்லாமல் வைத்தால், மிதிக்கும்போது அம்மி மணலில் புதையும். மெட்டியோ மோதிரமோ மணலில் விழுந்தால் கிடைக்காது. ஜமுக்காளம் மணமக்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறு அடியாவது விரிந்திருக்கட்டும். ஓம குண்டத்துக்கு மூன்று பக்கம் செங்கல் அடுக்கி, கடல் பக்கம் மட்டும் திறந்து வையுங்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சிம்னி போட்ட விளக்கு இரண்டு எரியட்டும், அணைந்துவிட்டது என்று யாரும் சங்கடப்பட வேண்டாம்.

கையால் செய்வதில் எது கடற்காற்றைத் தாங்கும்?

உப்புக்காற்றில் இரும்புக் கம்பியும் ஸ்டேப்ளர் பின்னும் ஓரிரு நாளில் துருவேறும், காகிதப் பூ தொய்ந்துவிடும், பசை விட்டுப்போகும். நூல், நார், ஓலை, பித்தளைக் கம்பி ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு பொருள் இருக்கிறது, பட்டுக்கூடு. தருமபுரியிலும் ஓசூரிலும் கூடு விற்கிற ஊரிலிருந்து போகிற கல்யாணத்துக்கு அதைவிடப் பொருத்தமான அலங்காரம் கிடையாது. நூல் எடுக்கிற நல்ல கூட்டை வாங்க வேண்டாம். பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் பூச்சி வெளியேறிய ஓட்டைக்கூடும் வெட்டின கூடும் மிஞ்சும், அதைக் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, புழுவைக் கொன்று செய்ததில்லை என்ற நிம்மதியும் இருக்கும்.

செய்முறை இது. கூட்டைக் குறுக்கே இரண்டாக வெட்டி, உள்ளே ஒட்டியிருக்கும் தோலையும் கறையையும் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். உள்ளே கூட்டுப்புழு செத்துக் கிடந்தால் கடலோர ஈரத்தில் நாற்றம் எடுக்கும், வண்டும் வரும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆகணும். சாயம் வெதுவெதுப்பான தண்ணீரில்தான். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கூட்டைக் கட்டியாகப் பிடித்திருக்கும் பசை இளகி, ஓடு துவண்டுவிடும். மஞ்சள் தூள் சாயம் நன்றாக ஏறும், வெயிலில் வெளுக்கும், ஒரு நாள் கல்யாணத்துக்குப் போதும். ஒவ்வொரு அரைக்கூட்டின் ஓரத்தையும் ஐந்து இதழாகக் கத்தரித்து, நாலு அரைக்கூட்டை ஒன்றுக்குள் ஒன்றாக ஊசி நூலில் கோத்தால் ஒரு பூ. இரண்டு மீட்டர் மாலைக்கு 100 பூ, அதாவது 200 கூடு. ஜோடிக்கு 400. சேதாரத்துக்கு 50 சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உட்கார்ந்து சாயங்காலங்களில் செய்தால் பத்து நாளில் முடியும்.

ஒரு குறை இருக்கிறது. 200 கூட்டின் ஓடு எல்லாம் சேர்த்தும் 100 கிராம் வராது. பூமாலை தன் கனத்தில் நெஞ்சில் படியும், இது காற்றில் முகத்தில் வந்து மோதும். குஞ்சத்தில் மரமணியோ சின்னப் பித்தளை மணியோ கட்டிக் கனம் சேர்க்க வேண்டும். என் யோசனை, மாலை மாற்றுவதற்குப் பூமாலையே இருக்கட்டும், கூட்டு மாலையை வரவேற்புக்கும் கூட்டுச் சரத்தை மணவறைக் கால்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் வருஷக்கணக்கில் வைத்திருக்க ஆளுக்கொரு பூவும் கொடுக்கலாம்.

பூ நம் ஊரிலிருந்தே போகட்டும். ராயக்கோட்டைச் சாமந்தி இரண்டு நாள் தாங்கும், சம்பங்கியும் நிற்கும். மல்லி மட்டும் உப்புக்காற்றில் ஓரம் சிவந்துவிடும். மொட்டாகக் கட்டி, ஈரத்துணி சுற்றிய ஓலைக்கூடையில் கொண்டுபோய், முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால்தான் வெளியே எடுக்க வேண்டும். ஓசூர் ரோஜாவை இதழாக உதிர்த்து எடுத்துப்போகாதீர்கள், பஸ் சூட்டில் கறுத்துவிடும்.

அட்சதையைத் தட்டில் வைத்து நீட்டினால் பாதி காற்றோடு போகும். பனையோலையைச் சின்னக் கூம்பாகச் சுருட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி அரிசி போட்டுக் கையில் கொடுங்கள். 120 பேருக்கு மூன்றரை கிலோ அரிசி போதும். தாம்பூலப் பை துணியில் தைத்தது. தையில் புதுப்புளியும் கேழ்வரகு மாவும் அரைக் கிலோவாகப் போடலாம். வைகாசி என்றால் செந்தூரா மாம்பழம் இரண்டு. பழுத்ததைப் போட்டால் பஸ்ஸில் நசுங்கும், மூன்று நாலு நாளில் பழுக்கும் செங்காயாகப் பாருங்கள். பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கும்போது அவை எதற்கு?

சாப்பாடும் தங்கலும்

மூன்று ஊரையும் பிரிப்பது உண்மையில் இதுதான். 120 பேருக்கு அறைக்கு மூன்று பேர் என்றால் 40 அறை. மகாபலிபுரத்தில் ஒரே விடுதியில் கிடைக்கும், ஆனால் பெரிய விடுதிகளில் சமையலும் அவர்களுடையதாகவே இருக்கும், இலைக் கணக்கில் பணம். சனி, ஞாயிறில் சென்னைக்காரர்களோடு போட்டி வேறு. மார்கழிக் கடைசி, தைத் தொடக்கத்தில் நாட்டிய விழாவும் விடுமுறையும் சேர்ந்து அறை கிடைப்பதே கஷ்டம். புதன், வியாழன் முகூர்த்தம் என்றால் பேரம் பேசலாம்.

புதுவைப் பக்கம் விடுதிகள் சின்னவை, இரண்டு மூன்றில் பிரித்துத் தங்க வேண்டிவரும். யார் எங்கே என்று முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடலூரில் கல்யாண மண்டபம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கேயே தங்கல், பந்தி எல்லாம் வைத்து, முகூர்த்தத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் கரைக்குப் போய்வரலாம். நம் ஊர்ச் சமையல் மாஸ்டரைக் கூட்டிப்போய், முந்தின ராத்திரி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும், காலையில் சாமைப் பொங்கலும் போட இந்த ஏற்பாட்டில்தான் சுதந்திரம் இருக்கிறது. மழை வந்தாலும் மண்டபம் கையில் இருக்கும். செலவு முக்கியம், கைப்பக்குவம் முக்கியம் என்கிற குடும்பத்துக்கு நான் கடலூரையே சொல்வேன். வெளியூர் நண்பர்கள் அதிகம், சென்னை விமானநிலையம் பக்கத்தில் வேண்டும் என்றால் மகாபலிபுரம். மணமக்களோடு 60 பேருக்குள் முடிக்கிறவர்களுக்குப் புதுவைப் பக்கம். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். 120 பேருக்கு 20 லிட்டர் கேன் 24, ஒன்றரை நாளுக்கு 36. உப்புக்காற்றில் தாகம் கூடும், குறைக்காதீர்கள்.

பந்தியை மணலில் போட வேண்டாம், ஒரு காற்றடித்தால் சோறெல்லாம் மணல்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். நம் ஊரில் ஏரியில் நீந்திப் பழகியவர்களுக்கும் கடல் பழக்கம் கிடையாது. முழங்கால் தண்ணீரில் நிற்பவரையும் திரும்பும் அலை காலடி மணலோடு இழுத்துவிடும். கல்யாண வேலை எதுவும் கொடுக்காமல் இரண்டு பேரைக் கரையைப் பார்த்துக்கொள்ள மட்டும் நிறுத்துங்கள். பஸ் வந்து இறங்கியது முதல், கடைசி ஆள் ஏறும் வரை. உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினால் இன்னும் நல்லது. பெரிய அலை எச்சரிக்கை இருக்கிறதா என்று, கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் அறிவிப்பை முந்தின நாள் பார்த்துவிடுங்கள், வெயிலடிக்கிற நாளிலும் தூரத்துக் கடலிலிருந்து அலை பொங்கி வருவதுண்டு.

பதிவு விஷயத்திலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. 2020-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு மணமகன் அல்லது மணமகள் குடியிருக்கும் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் செய்யலாம். மகாபலிபுரம், மரக்காணம், கடலூர் எதில் நடந்தாலும் நம் ஊரிலேயே முடித்துக்கொள்ளலாம். புதுச்சேரி யூனியன் பிரதேச எல்லைக்குள் நடந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது, பதிவை அங்கேயே முடித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கம் ஒரு தெரு தமிழ்நாடு, அடுத்த தெரு புதுவை என்று எல்லை பின்னிக் கிடக்கும், முன்பணம் கட்டுவதற்கு முன் விடுதியின் முகவரி எந்த அரசின் கீழ் வருகிறது என்று கேளுங்கள். கோயில் ரசீது இல்லாத கல்யாணம் இது, பதிவுக்குக் காட்ட வேறு ஆதாரம் வேண்டும். பத்திரிகையில் கரையின் பெயரையும் விடுதி அல்லது மண்டபத்தின் முழு முகவரியையும் அச்சடித்து, வாடகை ரசீதை மணமக்கள் பெயரிலேயே வாங்கி வையுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் முகூர்த்தத்துக்கு நேரில் வந்தவர்களாக இருக்கட்டும்.